ஜதிக்கு எத்தனை மார்க், பாவத்துக்கு எத்தனை மார்க்?

போட்டி முடிந்து மதிப்பெண் தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் பரதக் கலைஞருக்கு,

தாளம், அங்கசுத்தம் இரண்டிலும் நல்ல மார்க். பாவத்தில்தான் சறுக்கல். மயிலாப்பூர் மாட வீதிகளிலிருந்து தியாகராய நகர் வரை எந்த நடன வகுப்பிலும் இதற்கு ஒரே வைத்தியம்தான்: வர்ணத்தில் இன்னும் கடினமாக ஒரு ஜதியைச் சேர்ப்பது. பாவத்தில் விட்டதைத் தாளத்தில் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் போடுமுன், இதே தலைவலியோடு பல ஆண்டுகளாக அல்லாடும் இன்னொரு கூட்டத்தைப் பார்த்துவிடு.

பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர்களுக்கு முன்பெல்லாம் ஆறு மார்க்தான் உச்சம். தொழில்நுட்பத்துக்கு ஒன்று, கலைநயத்துக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்கள். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் உக்ரைனின் ஒக்சானா பையுலும் அமெரிக்காவின் நான்சி கெரிகனும் மோதினார்கள். ஒன்பது நடுவர்களில் ஜெர்மனியின் யான் ஹாஃப்மன் இருவருக்கும் சமமான கூட்டுத்தொகை போட்டிருந்தார். சமநிலை வந்தால் கலைநய மதிப்பெண் கூடியவருக்கே முதலிடம் என்பது அன்றைய விதி. ஹாஃப்மனின் தாளில் அது பையுலுக்குக் கூடுதல். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தங்கம் அவருக்குப் போயிற்று.

2002 சால்ட் லேக் சிட்டியில் ஊழல் வெடித்தது. நெருக்கடிக்குப் பணிந்து மார்க் போட்டதாகப் பிரெஞ்சு நடுவர் ஒருவர் சொன்னதாகச் செய்தி பரவ, கனடா ஜோடிக்கு இரண்டாவதாக ஒரு தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். அதன்பின் பழைய முறையையே தூக்கிப்போட்டார்கள். இன்று ஒவ்வொரு தாவலுக்கும் விலைப்பட்டியல் உண்டு. ஆக்சல் தாவலை இரட்டைச் சுற்றாகப் போட்டால் 3.3, மூன்று சுற்றானால் 8. எவ்வளவு நேர்த்தி என்று பார்த்து ஐந்து படி வரை கூட்டுவார்கள், சொதப்பினால் ஐந்து படி வரை குறைப்பார்கள். கலைப் பக்கத்து அம்சங்களுக்கோ தலா பத்துக்கு மேல் கிடையாது. ஆக, ஒரு பக்கம் கூரை இருக்கிறது, மறுபக்கம் வானமே எல்லை. வீரர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று சொல்லவா வேண்டும்? 2018 ஒலிம்பிக்கில் குறும்பகுதி முடிந்தபோது 17ஆம் இடத்தில் இருந்த நேதன் சென், அடுத்த ஆட்டத்தில் நான்கு சுற்றுத் தாவல்கள் ஆறை அடுக்கி மொத்தத்தில் ஐந்தாம் இடத்துக்கு ஏறினார்.

ஆனால் இதே முறையில்தான், 2010 வான்கூவரில், நான்கு சுற்றுத் தாவல் ஒன்றுகூடப் போடாத எவன் லைசாசெக் அதைப் போட்டுக்காட்டிய பிளஷெங்கோவை 1.31 புள்ளியில் வென்றார். கடினம் மட்டும் போதும் என்றால் அது நடந்திருக்காது.

நம் ஊருக்கு வருவோம். அரைமண்டி நிமிர்ந்துபோனால் மூன்று நடுவர்களும் அதைப் பார்ப்பார்கள். தாளம் தப்பினால் கடைசி வரிசைக்கும் தெரியும். பாவத்தில் அப்படி ஒருமித்துச் சொல்ல ஏதுமில்லை. அதனால் நடுவர் பத்திரமாக ஏழு போட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த ஏழைக் குறையாகவும் பார்க்காதே, பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளாதே. பெரும்பாலும் அது தயக்கம்தான். சபாவிலும் இதே கதை: தீர்மானம் முடிந்ததும் கைதட்டல் விழும், பதத்துக்கு விழாது. விழாமல் இருப்பதே நல்லது.

சென்னை அடவையும் அபிநயத்தையும் தனித்தனி ஆசிரியர்களிடம் கற்ற ஊர். கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயத்துக்காகப் போனவர்களில் ருக்மிணி தேவியும் பாலசரஸ்வதியும் உண்டு. அவரிடம் பதம் கற்ற கலாநிதி நாராயணன், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆட்டத்தை விட்டிருந்து, 1973வாக்கில் கற்பிக்க வந்தார். வேறு குருக்களிடம் அடவு முடித்த பிரியதர்சினி கோவிந்த் போன்றவர்கள் அபிநயத்துக்கு அவரைத் தேடிப் போனார்கள். அபிநயம் அடவு முடிந்தபின் மேலே பூசும் மெருகு அல்ல, தனியாக ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய பாடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாலசரஸ்வதியைச் சொன்னாலே பதம், அபிநயம் என்றுதான் பேச்சு. அந்த முகபாவத்துக்குக் கீழே கந்தப்பா பிள்ளையின் கண்டிப்பான அடவுப் பயிற்சி இருந்தது; ஏழு வயதிலேயே, 1925இல், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர் அவர். 1973இல் மியூசிக் அகாடமி தன் சங்கீத கலாநிதி விருதை அவருக்குக் கொடுத்தது. இசைக்கான விருது, ஒரு நர்த்தகிக்கு! 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசியபோது அலாரிப்பைக் கோபுரமாகவும் பதத்தைக் கருவறையாகவும் வைத்து மார்க்கத்தை விளக்கினார். கோபுரத்துக்கு மட்டும் வர்ணம் அடிப்பவர்கள்தான் இன்று அதிகம்.

உன் மார்க் உண்மையில் எங்கே போகிறது தெரியுமா? வர்ணத்தில் திரிகால ஜதி முடிந்து, அறுதி ஆடி, பாட்டு வரிக்கு வரும் அந்த ஓர் ஆவர்த்தனத்தில். கால் நின்றுவிடும், மார்பு இன்னும் இரைக்கும். அந்த இரைப்போடேயே முகம் நாயகியாக வேண்டும். பல பிள்ளைகளுக்கு அங்கே முகம் வெறிச்சோடிவிடுகிறது, அல்லது தீர்மானத்துக்குப் போட்ட சிரிப்பே விரகத்திலும் தொடர்கிறது. ஸ்கேட்டிங்கிலும் தாவலுக்கும் தாவலுக்கும் இடையே உள்ள இணைப்புக்குத் தனி மதிப்பெண் வைத்து 2022 வரை பார்த்தார்கள்.

ஆகவே ஜதியைக் கூட்டாதே. ஒன்றைக் குறைத்துப் பார். மிஞ்சும் நேரத்தில் அதே சாகித்ய வரிக்கு இன்னொரு சஞ்சாரி கிடைக்கும். வீட்டில் வர்ணத்தை ஜதி இல்லாமல், உட்கார்ந்து, வாய்விட்டுப் பாடி அபிநயம் மட்டும் செய். பிறகு ஜதியோடு ஆடும்போது, தீர்மானம் முடிந்ததும் வாயைத் திறந்து மூச்சுவிடும் பழக்கம் இருக்கிறதா என்று கைப்பேசியில் படம்பிடித்துப் பார்த்துத் திருத்து. இதையெல்லாம் தொடங்குமுன் ஆசிரியரிடம் சொல்லிவிடு. நட்டுவாங்கம் பிடிப்பவர் அவர். குறைத்த ஜதி எது என்று மேடையில்தான் அவருக்குத் தெரியவந்தால் அன்றைய தாள மார்க்கும் போய்விடும்.