அறுவை முடிந்த பின்னும் கண்ணுக்குக் காவல்



குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள் வீட்டுக்குப் புறப்படும்போது, "இனி பயமில்லையே, ஐயா?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. கண்புரை அறுவையைப் போலவே இதையும் எண்ணிக்கொள்கிறார்கள். அதில் மங்கிய பார்வை தெளிகிறது. இதிலோ போன பார்வை திரும்பாது. மீதியைக் காப்பதே நோக்கம்.

1968-ல் கேம்பிரிட்ஜ் மருத்துவர் கெய்ர்ன்ஸ் விவரித்த டிரபெகுலெக்டமி முறையே இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. வெண்விழியில் சிறு மூடிபோல வெட்டி, அதனடியில் துளையிட்டு, கண்ணுக்குள் தேங்கும் நீர் மெல்லக் கசிய வழிசெய்கிறார்கள். அந்த நீர் மேல் இமைக்குள், மெல்லிய சவ்வுக்கு அடியில், கொப்புளம் போல் நிற்கும். வழி தழும்பேறி அடைபடாதிருக்க மைட்டோமைசின் மருந்தை அறுவையின்போது வைப்பதுண்டு. நல்ல பலன்தான், ஆனால் வருஷங்கள் செல்லச் செல்லக் கொப்புளத்தின் சவ்வு மெலிந்து வெளுத்துவிடலாம்.

மெலிந்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் காரணமின்றிக் கண்ணில் நீர் வடியும். அழுத்தம் மிகவும் தாழ்ந்து பார்வை மங்கும். இதைவிட அஞ்சத்தக்கது, அவ்வழியே கிருமி உட்புகுவது. அறுவை முடிந்து பத்து வருஷம் சென்றும் இது நேரிடலாம். கண் சிவக்கும், பீளை தள்ளும், வலிக்கும், வெளிச்சம் கூசும். உடனே மருந்து கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் பார்வை முழுவதும் போய்விடக்கூடும். நம் ஊர்களிலோ இதை 'மெட்ராஸ் ஐ' என்று வீட்டாரே தீர்மானித்து, மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிவிடுகிறார்கள். தாய்ப்பால் விடச் சொல்லும் பாட்டிமாரும் உண்டு! அன்பினால் சொல்கிறார்கள், ஆனாலும் அறுவை செய்த கண்ணுக்கு அது ஆபத்து.  இவர்களுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி.

சத்தமின்றி வரும் கேடும் உண்டு. வழி தழும்பேறி அடைபட்டால் அழுத்தம் மறுபடியும் ஏறும். பெரும்பாலும் வலி தெரியாது. கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே நன்றாய் இருக்கிறவர்களும் மருத்துவர் சொன்ன தவணையில் வரவேண்டும். கண்புரையும் சீக்கிரம் வளரலாம். அதற்கு அறுவை உண்டு.

கண்ணைக் கசக்கவேண்டாம், குளத்தில் முங்கிக் குளிக்கவேண்டாம். அறுவைச் சீட்டைப் பத்திரமாய் வைத்து, வேறெந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டவேண்டும். உங்கள் சபையில் இப்படிப்பட்டவர் இருந்தால், கண் சிவந்த அன்றே அவரைப் பஸ் ஏற்றி அழைத்து வாருங்கள்.