பனியில் கரைந்த படை: ஓர் ஓவியப் பதிவில் அழுகை மெய்ப்பாடு

போரைப் பற்றிய கலைப்படைப்புகளுள் பெரும்பாலானவை வென்றோரின் வீரத்தைப் போற்றுவன. தோற்றுத் திரும்பிய படையில் ஒருவராய் நடந்தவரே அத்தோல்வியை வரைந்து வைப்பது அரிது. அப்பணியைச் செய்தவர், பீரங்கிப்படை அலுவலராக விளங்கிய கிறிஸ்டியன் வில்ஹெல்ம் ஃபோன் ஃபாபர் டு ஃபோர் (1780–1857). அவர்தம் ஓவியங்களைத் தொல்காப்பியர் கூறும் அழுகை மெய்ப்பாட்டின் வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படையெடுப்பும் பின்வாங்கலும்

நெப்போலியனின் பெரும்படை 1812 சூன் 24இல் நீமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கி உருசியாவினுள் புகுந்தது. செப்டம்பர் 14இல் மாஸ்கோவை அடைந்தது. நகரம் எரிந்தது, உருசியப் பேரரசர் உடன்பாட்டிற்கு இணங்கவில்லை. அக்டோபர் 19இல் பின்வாங்கல் தொடங்கியது. நவம்பரில் கடும்பனி சூழ்ந்தது. எஞ்சியோர் திசம்பர் நடுவில் நீமனை மீண்டும் கடந்தனர். நெப்போலியனுக்கு நட்பு நாடாயிருந்த வூர்ட்டெம்பெர்க் அனுப்பிய வீரர் ஏறத்தாழ 15,000 பேர். மீண்டவர் சில நூற்றுவரே. அவருள் ஒருவர் நம் ஓவியர்.

ஓவியங்களின் இயல்பு

போரிடையே தீட்டிய குறிப்போவியங்களை அடிப்படையாகக் கொண்டு, 1831 முதல் 1843 வரை ஸ்டட்கார்ட் நகரில் கல்லச்சுப் படங்களாக இவை வெளிவந்தன. படங்கள் இடமும் நாளும் குறிக்கப்பெற்று, நாட்குறிப்பேடு போல் வரிசையாய் அமைந்துள்ளன.

நான்கு நிலைக்களன்கள்

அழுகை தோன்றும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காகும். இந்நான்கையும் இவ்வோவியங்களிற் காணலாம். மிடுக்கான சீருடை அணிந்தோர் கையில் கிடைத்த கந்தலைப் போர்த்து நடப்பது இளிவு. தோழரை வழியோரப் பனியில் விட்டுச் செல்வது இழவு. பண்டைய நிலை கெட்டு வருந்துதலை அசைவு என்பர் உரையாசிரியர். பீரங்கிகளைக் காத்தலே கடமையாகக் கொண்டோர் அவற்றைக் கைவிட நேர்ந்தமை அத்தகையது. மாண்ட குதிரையின் இறைச்சிக்கும் சிறு நெருப்பின் வெம்மைக்கும் ஏங்கி நிற்பது வறுமை.

பனி மட்டுமே பகையா?

படையை அழித்தது பனியே என்பது பொதுவான எண்ணம். எனினும், கோடைவெயில், பெருமழை, நோய், தீவனமின்றி மடிந்த குதிரைகள் ஆகியவற்றால் மாஸ்கோவை அடையும் முன்னரே படை பெரிதும் தேய்ந்துவிட்டது. ஓவியர் பனிக்காலத்தை மட்டும் வரையாமல், கோடையில் தொடங்கிய செலவு முழுவதையும் வரைந்துள்ளமை இவ்வுண்மையை உணர்த்துகிறது. வீழ்ச்சி திரும்பும் வழியில் தொடங்கியதன்று. செல்லும் வழியிலேயே தொடங்கிவிட்டது.

முடிவுரை

சார்லஸ் மினார் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் இப்படையெடுப்பை ஒரு வரைபடமாக்கினார். நீமனைக் கடக்கையில் 4,22,000 பேரைக் குறிக்கும் அகன்ற பட்டை, திரும்புகையில் 10,000 பேரைக் குறிக்கும் மெல்லிய கோடாகிறது. எத்தனை பேர் மாண்டனர் என்பதை அவ்வரைபடம் கூறுகிறது. மாண்டவர் எவ்வாறு நடந்தனர், எவ்விடத்தில் அமர்ந்தனர், எதற்காக ஏங்கினர் என்பதை ஃபாபர் டு ஃபோரின் ஓவியங்கள் கூறுகின்றன. வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். தன் படையின் அவலத்தை மறையாது, மாற்றாரையும் இகழாது, கண்டதைக் கண்டவாறு தீட்டிய அக்கலைஞரின் நேர்மை, இலக்கியம் பயிலும் மாணவர் எழுதுகோல் எடுக்குந்தோறும் நினைவிற் கொள்ளத்தக்கதாகும்.