சம்மதம் கேட்டார்களா?

அன்புள்ள தம்பி,

மேற்கு சஹாரா பற்றிய உன் சிறு வெளியீட்டின் புரூஃப் பிரதி நேற்று வந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். மேற்கு சஹாராவின் விடுதலைக்குப் போராடும் பொலிசாரியோ யார், அந்த மண்ணின் சஹ்ராவி மக்கள் அகதிகளாக வாழும் டிண்டூஃப் முகாம்கள் எங்கே இருக்கின்றன என்பதெல்லாம் நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன்.

மூன்று கோப்பைத் தேநீர். ஒன்று கசக்குமாம், அடுத்தது இனிக்குமாம், மூன்றாவது மென்மையாக இறங்குமாம். அந்த முகாம்களுக்குப் போய்வந்து எழுதிய ஐரோப்பியர்களில் இந்தத் தேநீரைக் குடிக்காமல் விட்டவர் அபூர்வம். நீ போகாமலேயே ஒன்றரைப் பக்கம் குடித்திருக்கிறாய். அவர்கள் விருந்தோம்பல் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் படிக்கிறவன் 'ஐயோ பாவம், எவ்வளவு நல்ல ஜனங்கள்' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவான். நல்ல ஜனங்கள் என்பதற்காகவா சுயநிர்ணய உரிமை? சிடுமூஞ்சிகளுக்கும் அது உண்டு.

தேநீருக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்த நீ, 1975 அக்டோபர் 16-இல் சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்துக்கு ஆறு வரிதான் கொடுத்திருக்கிறாய். அந்த ஆறு வரியிலும் கோளாறு. 'மொராக்கோவுக்கும் அந்த மக்களுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது' என்கிறாய். நீதிமன்றம் அப்படிச் சொல்லவே இல்லை. அங்கிருந்த சில குலங்கள் மொராக்கோ சுல்தானுக்கு விசுவாசம் காட்டியதுண்டு என்று ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான், அது நிலத்தின் மீதான இறையாண்மை ஆகிவிடாது, அந்த மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவுசெய்வதைத் தடுக்காது என்றது. முதல் பாதியை நீ மறைத்தால், எதிராளி எழுந்து நின்று அதை மட்டும் வாசிப்பான். இரண்டாம் ஹசன் மன்னர் அன்றைக்கே அதைத்தான் செய்தார். தீர்ப்பு தமக்குச் சாதகம் என்று சொல்லிப் பசுமைப் பேரணியை அறிவித்தார். நவம்பர் 6-இல் 3,50,000 பேர் மேற்கு சஹாராவை நோக்கிக் கிளம்பினார்கள். 14-ஆம் தேதி, அதுவரை அந்த மண்ணை ஆண்ட ஸ்பெயின் மாட்ரிட்டில் கையெழுத்துப் போட்டு, மொராக்கோவிடமும் மொரிட்டானியாவிடமும் நிர்வாகத்தைத் தள்ளிவிட்டது.

இன்னொன்று. 'பொதுவாக்கெடுப்பு நடக்காமல் போனது' என்று எழுதியிருக்கிறாய். மழை பெய்யாமல் போனது மாதிரி! யார் தடுத்தது என்று சொல்ல என்ன தயக்கம்?

பல வருஷங்களுக்கு முன்பு அல்ஜியர்ஸில் ஒரு மாநாட்டில், கியூபாவில் படித்த ஒரு சஹ்ராவி டாக்டரோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்பானிஷில் பேசப் பேச ஒரு பெண் மொழிபெயர்த்தார். 1991 செப்டம்பர் 6-இல் போர்நிறுத்தம், 1992 ஜனவரியில் தனிநாடா, மொராக்கோவோடு இணைப்பா என்று வாக்கெடுப்பு என்பதுதான் ஐ.நா.வின் ஏற்பாடு. ஆனால் வாக்காளர் யார் என்பதை முடிவுசெய்யும் வேலையே 1994-இல்தான் தொடங்கியது. அவர் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்களாம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐ.நா. அதிகாரிகள், இரு தரப்பிலிருந்தும் குலத்தலைவரான ஒவ்வொரு ஷேக். 1974-இல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பில் பெயர் இருந்தால் சரி. இல்லாதவர் தன் குலத்தை நிரூபிக்க வேண்டும். அந்த அம்மாவிடம் காகிதம் எதுவும் இல்லை. அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னாராம். டாக்டர் அதைத் தன் கையில் செய்துகாட்டினார். ஒரு ஷேக் தலையசைத்தார், இன்னொருவர் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரை விசாரித்து, சுமார் 86,000 பேருக்கு வாக்குரிமை உண்டு என்று 1999-க்குள் முடிவுசெய்தார்கள். தன் கணக்குக்கு அது ஒத்துவராது என்று தெரிந்ததும், நிராகரிக்கப்பட்டவர்கள் பெயரில் மேல்முறையீடுகளைக் குவித்தது மொராக்கோ. 2003-இல் ஐ.நா. தூதர் ஜேம்ஸ் பேக்கர் கொண்டுவந்த திட்டத்தில் குடியேறிய மொராக்கோக்காரர்களுக்கும் வாக்கு இருந்தது. அதைக்கூட பொலிசாரியோ ஏற்றது, மொராக்கோ ஏற்கவில்லை. அடுத்த வருஷம் பேக்கர் விலகிக்கொண்டார். இதில் ஒரு வரியாவது உன் வெளியீட்டில் வர வேண்டாமா?

மேற்கு சஹாராவின் பூ கிரா பாஸ்பேட் சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் கன்வேயர் பெல்ட்டைப் பற்றி நீ எழுதிய நான்கு பத்திகள் இருக்கின்றனவே, அவை வேறு கை எழுதியவை. சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாஸ்பேட் நகர்கிறது, காற்று அடித்து அதன் வெண்தூள் பாலைவனத்தில் படிவது செயற்கைக்கோள் படத்தில் கோடாகத் தெரிகிறது. இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாஸ்பேட் யாருக்குச் சொந்தம் என்று மட்டும் கேட்டு நிறுத்தியிருக்கிறாய். இத்தனை காலம் இதைப் பற்றி எழுதியும் எனக்கு அப்படி ஒரு பத்தி அமையவில்லை. பொறாமையாக இருந்தது, போ.

அதே கேள்வியோடு இன்னும் கொஞ்ச தூரம் போ. என் பழைய பல்லவி என்று சிரிப்பாய், சிரி. சம்மதம் கேட்டார்களா? இந்த விவகாரத்தில் எனக்கு வேறு கேள்வியே கிடையாது. 2017-இல் சுமார் 50,000 டன் பாஸ்பேட்டோடு நியூசிலாந்துக்குப் போன கப்பலைத் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் நிறுத்திவைத்தார்கள். அடுத்த வருஷம் அங்குள்ள நீதிமன்றம், சரக்கு பொலிசாரியோ அறிவித்த சஹ்ராவி குடியரசுக்கே சொந்தம் என்றது. 2024 அக்டோபர் 4-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றியம் மொராக்கோவோடு போட்ட மீன், விளைபொருள் ஒப்பந்தங்களைச் செல்லாது என்றபோது சொன்ன காரணமும் அந்த மக்களின் சம்மதம் இல்லை என்பதுதான். அங்கே இப்போது குடியிருப்பவர்களைக் கலந்துபேசினோம் என்று வாதாடினார்கள். குடியிருப்பவர்கள் வேறு, உரிமையுள்ள மக்கள் வேறு என்றது நீதிமன்றம். அந்த மக்களில் பெரும்பாலோர் இன்று மண்ணுக்கு வெளியே இருக்கிறார்கள்.

நம் ஊரையும் விட்டுவிடாதே. இந்தியா 1985-இல் சஹ்ராவி குடியரசை அங்கீகரித்தது. நாங்கள் கூட்டம் போட்டுக் கைதட்டினோம். 2000-இல் அங்கீகாரத்தை வாபஸ் வாங்கியபோது, கைதட்டியவர்களில் பலர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அந்த மண்ணின் பாஸ்பேட் இந்திய உர ஆலைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வயலில் போடும் விவசாயியைக் குற்றம் சொல்லாதே. வாங்கியவர்களைக் கேள்.

கடைசியாக, 2025 அக்டோபர் 31-இல் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2797-ஆம் தீர்மானத்தை நீ தொடவே இல்லை. மொராக்கோவின் இறையாண்மையின் கீழ் தன்னாட்சி என்பதைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படை ஆக்கிய தீர்மானம் அது. அதே தீர்மானத்தில் மேற்கு சஹாரா மக்களின் சுயநிர்ணயம் என்ற சொற்களும் இருக்கின்றன. வெளியீட்டுக் கூட்டத்தில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும், பின்வரிசையிலிருந்து. பதிலை இரண்டு பக்கத்தில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. அச்சகத்தில் நான் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்