சொல்லுள் உறையும் வரலாறு

பழம்பொருள்கள் மண்ணுள் புதைந்து கிடத்தல் போலப் பழஞ்செய்திகள் சொல்லுள் புதைந்து கிடக்கும். மண்ணை அகழ்வார்க்குப் பானையோடும் காசும் கிடைக்கும். சொல்லை ஆராய்வார்க்கு மறைந்த தொழில்களும் மறந்த வழக்கங்களும் கிடைக்கும். எழுதுபொருள் பற்றிய ஆங்கிலச் சொற்கள் சில இவ்வுண்மையை விளக்கப் போதியன.

ஆங்கிலர் தாளைப் 'பேப்பர்' என்பர். இது 'பாபிரஸ்' என்னும் சொல்லின் திரிபு. பாபிரஸ் என்பது எகிப்து நாட்டில் நைல் ஆற்றங்கரைச் சதுப்பில் வளர்ந்த ஒருவகைக் கோரை. பண்டை எகிப்தியர் அதன் தண்டினுள் உள்ள வெண்சோற்றை மெல்லிய கீற்றுகளாகச் சீவினர். அவற்றை நெடுக்கே ஒரு வரிசையும் குறுக்கே ஒரு வரிசையுமாகப் பரப்பி, அழுத்தி உலர்த்தி, அதன்மேல் எழுதினர். இன்றைய தாளோ அவ்வாறு செய்யப்படுவதன்று. நாரைக் கூழாக்கி, சல்லடையில் வடித்து எடுக்கப்படுவது. இம்முறை சீனர் கண்டது. மரப்பட்டை, கந்தல், பழைய மீன்வலை ஆகியவற்றால் தாள் செய்யும் முறையைச் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர் கி.பி. 105ஆம் ஆண்டில் தம் பேரரசருக்கு அறிவித்தார் எனச் சீன வரலாறு கூறும். எனவே, பேப்பர் என்பதன் பொருள் சீனத்தது, பெயர் எகிப்தினது. புதிய பொருள் கைக்கு வந்தபோது, ஐரோப்பியர் பழைய பெயரையே அதற்குச் சூட்டினர்.

நூலைக் குறிக்கும் சொற்களும் இத்தகையனவே. நூல்நிலையம் 'லைப்ரரி' எனப்படும். அதன் வேரான 'லிபர்' என்னும் இலத்தீன் சொல் முதலில் மரத்தின் உட்பட்டையைக் குறித்தது. பின்னரே நூலைக் குறித்தது. நூலின் தொகுதி 'வால்யூம்' எனப்படும். அதற்குச் சுருட்டப்பட்டது என்பது பொருள். பண்டை நூல்கள் பாய்போலச் சுருட்டி வைக்கப்பட்டமையை அச்சொல் இன்றும் உரைக்கின்றது. சட்டத் தொகுப்பைக் 'கோடு' என்பர். அதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு அடிமரம் என்பது முதற்பொருள். உரோமர் மரப்பலகைகளில் மெழுகு பூசி எழுதி, அவற்றை ஒன்றாகக் கோத்து வைத்தனர். பலகை போய் ஏடு வந்த பின்னும் பெயர் நிலைத்தது.

தாள்செய் தொழில் சீனத்தினின்று மேற்கு நோக்கிச் சென்றது. 8ஆம் நூற்றாண்டில் சமர்க்கந்திலும் பாக்தாதிலும் அது வேரூன்றியது. பின்னர் அரபியர் வாயிலாக ஸ்பெயின் நாட்டை அடைந்தது. இப்பயணத்தின் சுவடு 'ரீம்' என்னும் அளவுப் பெயரில் உள்ளது. கட்டு எனப் பொருள்படும் 'ரிஸ்மா' என்னும் அரபுச் சொல்லே ரீம் என மருவிற்று. முன்னர் 480 தாள் கொண்ட ரீம் இன்று 500 தாள் கொண்டது. அதன் இருபதில் ஒரு பங்கு 'குயர்'. இச்சொல்லுக்கு நந்நான்கு என்பது அடிப்பொருள்; நான்கு தாளை ஒன்றாக மடித்து, எட்டு ஏடுகளாக்கித் தைத்த வழக்கத்தால் வந்தது. இன்று கடையில் 'ஒரு குயர் நோட்டு' என்று கேட்கும் மாணவர், பழைய இலத்தீன் எண்ணுப்பெயர் ஒன்றையே தம்மை அறியாமல் மொழிகின்றார்.

'புல்ஸ்கேப்' என்னும் சொல் மேலும் சுவையுடையது. விதூடகனின் குல்லாய் என்பது அதன் பொருள். தாள் செய்வோர், கூழை வடிக்கும் சல்லடையில் கம்பியை வளைத்துத் தம் அடையாளத்தைத் தைத்து வைப்பர். கம்பி பட்ட இடத்தில் தாள் மெலிதாகும். ஒளியில் பிடித்தால் அவ்வடிவம் தோன்றும். அதற்கு நீர்க்குறி என்று பெயர். மணிகள் தொங்கும் விதூடகன் குல்லாயை நீர்க்குறியாகப் பெற்ற தாளின் அளவே பின்னர்ப் புல்ஸ்கேப் எனப்பட்டது. 1649ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசு கொல்லப்பட்ட பின், பாராளுமன்றத்தார் அரச முத்திரையை நீக்கி அக்குல்லாயைப் பொறிக்கச் செய்தனர் என்று ஒரு கதை வழங்குகின்றது. அது பொருந்தாது, 15ஆம் நூற்றாண்டுத் தாள்களிலேயே அக்குறி காணப்படுகின்றது. சொல்லுக்குக் கதை கட்டுதல் எளிது. சான்று காண்டலே ஆராய்ச்சி.

தாளும் மையும் விற்பவர் 'ஸ்டேஷனர்' எனப்படுவர். இதன் அடிப்பொருள் ஓரிடத்தில் நிலைத்திருப்பவர் என்பது. இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பலர் ஊர்ஊராகத் திரிந்து விற்றனர். பல்கலைக்கழகங்களை அடுத்து நூல் விற்றவரோ நிலையான கடை வைத்திருந்தனர். கல்வி நிலைத்த இடத்தில் கடையும் நிலைத்தது என்பதை அப்பெயர் காட்டும்.

தமிழிலும் இந்நெறியே காணப்படும். ஓலை, ஏடு, இதழ் என்பன புல்லினத்தின் உறுப்புப் பெயர்கள் எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். அவையே பின்னர் முறையே கடிதத்தையும் நூலையும் பத்திரிகையையும் குறித்தன. சுருட்டி அனுப்பிய ஓலை 'முடங்கல்' எனப்பட்டது. வால்யூம் என்னும் சொல்லோடு இஃது ஒப்புநோக்கத் தக்கது. 'தாள்' என்பதும் நெல் முதலியவற்றின் தண்டைக் குறித்த சொல்லே. 'காகிதம்' பாரசீகத்தினின்று வந்தது. கடல் கடந்த இரு மொழியாளரும், ஒருவரையொருவர் பாராமலே, புல்லினின்று நூலுக்குப் பெயர் கண்டமை வியப்புடைத்து.

இன்று 297 மில்லிமீட்டர் நீளமும் 210 மில்லிமீட்டர் அகலமும் உடைய ஏ4 தாள், புல்ஸ்கேப்பின் இடத்தைப் பெரும்பாலும் பெற்றுவிட்டது. அளவு மாறுதல் இயல்பு, அதனால் இழப்பில்லை. ஆயின், பழஞ்சொல் பொருளறிவாரின்றி மறையுமாயின், அதனுள் இருந்த கைத்தொழிலும், அது நடந்து வந்த வழியும், அதைக் கைமாற்றித் தந்த மக்களும் உடன் மறைவர். கற்பார் ஒரு சொல்லைக் காணுந்தோறும் அதன் பிறப்பைக் கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு அறிவார்க்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு சிறு நூலாகும்.