ஸ்டியரிங்கில் தனி ஆவர்த்தனம்

வண்டி ஓட்டுவது பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கும்பகோணத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஆசிரியர் பதில் சொல்கிறார். இந்த முறை கடிதம் போட்டவர்கள் எல்லாம் சங்கீதக்காரர்கள்!

சிக்னலில் நிற்கும்போது மட்டும் மவுத் ஆர்கன் வாசிப்பேன். பச்சை விழுந்ததும் மடியில் வைத்துவிடுவேன். இது தவறா?
— வாசகர், சென்னை

பச்சை விழுந்ததை நீங்களாகப் பார்க்கிறீர்களா, பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்துச் சொல்கிறாரா? வாத்தியத்தைக் கீழே வைக்க ஒரு விநாடி போதும். பாதியில் விட்ட மெட்டு அவ்வளவு சீக்கிரம் மண்டையை விட்டு இறங்காது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. காரிடம் குரலால் கட்டளை கொடுத்தவர்களுக்கு, அந்த வேலை முடிந்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது. மடியில் இருப்பது உருண்டுபோய் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

நான்குவழிச் சாலையில் வண்டி நேராகப் போகும்போது மோர்சிங் வாசிப்பது வழக்கம். சின்ன வாத்தியம்தானே, ஆபத்தில்லையே?
— வாசகர், திண்டுக்கல்

மோர்சிங்கைப் பல்லில் அணைத்துப் பிடிக்க ஒரு கை, அதன் நாக்கை மீட்ட இன்னொரு கை. ஸ்டியரிங்கை யார் பிடித்திருக்கிறார்கள்? முழங்கால் என்றால், லைசென்ஸைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண் இமைப்பதற்குள் ஏர்பேக் விரிந்து முகத்தில் அறையும். அப்போது பல்லுக்கு நடுவே இரும்பு இருக்கவேண்டாம்.

மிருதங்கம் கற்கிறேன். கார் ஓட்டும்போது ஸ்டியரிங்கில் விரலால் கோர்வை தட்டிப் பார்ப்பேன். கண் ரோட்டில்தான் இருக்கிறது, கையும் ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது. இதுவரை எங்கேயும் இடித்ததில்லை. வீட்டில் ஏன் திட்டுகிறார்கள் என்று புரியவில்லை.
— மாணவர், மயிலாடுதுறை

தம்பி, திட்டுகிறவர்கள் உங்களோடு காரில் வந்திருப்பார்கள். அதனால்தான் திட்டுகிறார்கள்.

கண் ரோட்டில் இருக்கிறது என்கிறீர்கள். அதே ஸ்ட்ரேயர் குழு 2003இல் இதைத்தான் சோதித்தது. கார் ஓட்டும் சிமுலேட்டரில் ஆட்களை உட்காரவைத்து, ஹேண்ட்ஸ்-ஃப்ரீ போனில் பேசவிட்டு, அவர்கள் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். சாலையோர விளம்பரப் பலகைகளை அவர்கள் நேராகவே பார்த்திருந்தார்கள். பிறகு கேட்டபோது பலவற்றை அடையாளம் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் பட்டது மனதில் பதியவில்லை.

அது வெறும் பேச்சு. நீங்கள் போடுவது கணக்கு. கோர்வையை மூன்று தடவை வாசித்து, எடுப்பு இடத்தில் பிசகாமல் வந்து விழவேண்டும். முடிவு நெருங்க நெருங்க மனம் அதிலேயே குவியும். குவியாவிட்டால் அது வித்தையே இல்லை. நடுத்தரக் காலப்பிரமாணத்தில் ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் ஓட ஆறு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 100 மீட்டர் போய்விடும். நம் டெல்டாவில் 100 மீட்டருக்குள் என்னென்ன வரும் என்று நான் சொல்லவேண்டுமா? ரோட்டில் காயப்போட்ட நெல், அதைச் சுற்றி அடுக்கிய கல், பின்விளக்கு எரியாத டிராக்டர், குறுக்கே போகும் வாத்துக் கூட்டம். இவற்றில் எதுவும் உங்கள் எடுப்புக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று. விரல் தட்டினால் கால் சும்மா இருக்காது. துரிதத்துக்குப் போகும்போது ஆக்ஸிலரேட்டரும் கூடவே இறங்கும். இதைப் பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இஸ்ரேலில் பென்-குரியன் பல்கலைக்கழகத்து வாரன் பிராட்ஸ்கி சிமுலேட்டரில் சோதித்தபோது, வேகமான இசை கேட்டவர்கள் வண்டியையும் வேகமாக ஓட்டினார்கள், சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் கூடியது. அவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். நீங்கள் வாசிக்கவே செய்கிறீர்கள்.

'கையும் ஸ்டியரிங்கில்தான்' என்பதும் சரியில்லை. தட்டுகிற விரல் பிடிக்கிற விரல் ஆகாது. டயர் வெடித்தால் தொட்டுக்கொண்டிருக்கும் கையால் என்ன செய்வீர்கள்?

என் மாணவர்களிடம் திடீரென்று கேட்பேன்: “கடைசியாக எதிரே வந்தது என்ன வண்டி?” கோர்வை போட்டுக்கொண்டிருக்கும்போது உங்களிடம் யாராவது இதைக் கேட்கச் சொல்லுங்கள். இதுவரை இடித்ததில்லை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. உங்களுக்காகப் பிரேக் போட்டவர்கள் யாரும் இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் மிருதங்கத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று வாதாட வராதீர்கள். 184ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதையே குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என் காரில் பாம்பாட்டி மகுடி மெட்டு வாசிக்கும் ஹாரன் மாட்டியிருக்கிறேன். எல்லோரும் ரசிக்கிறார்கள்.
— வாசகர், கரூர்

கழற்றுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 119, அடுத்தடுத்து வெவ்வேறு சுரம் எழுப்பும் ஹாரனைத் தடை செய்கிறது. ஹாரனில் புல்லாங்குழல், தபலா ஒலி வரட்டும் என்று 2021இல் அமைச்சர் நிதின் கட்கரி பேசியதைச் செக்போஸ்ட்டில் எடுத்துச் சொல்லிப் பயனில்லை.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே சாதகம் செய்யக் கிடைப்பது கார் ஓட்டும் முக்கால் மணி நேரம்தான். போனில் சுருதி போட்டுக்கொண்டு பாடுகிறேன். இதையும் விடச் சொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, திருச்சி

பயப்படாதீர்கள் அம்மா. நெட்டுருவான கீர்த்தனையை வாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போகட்டும். நெரிசல் வந்தால் பாட்டு தானாக நின்றுவிடும்; அப்படி நிற்கிற வரை கவலையில்லை. சுருதியைக் கிளம்புமுன்பே போட்டுவிடுங்கள், நடுவில் போனைத் தொடாதீர்கள். புது வர்ணம் கற்பது, கல்பனா சுரம் பாடிப் பார்ப்பது, நோட்டை டேஷ்போர்டில் விரித்து வைப்பது, மூன்றும் கூடாது. அதெல்லாம் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் செய்யுங்கள். இன்னும் நன்றாகவே வரும்.

எங்கள் மேள செட், ராத்திரிக் கச்சேரி முடித்துவிட்டு வேனில் ஊர் திரும்பும். டிரைவர் தூங்கிவிடக்கூடாதென்று வழியெல்லாம் நாயனமும் தவிலும் வாசித்துக்கொண்டு வருகிறோம். நல்ல ஏற்பாடுதானே?
— தவில்காரர், திருவாரூர்

நல்ல மனசு, மோசமான ஏற்பாடு. சத்தம் தூக்கத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுமே தவிர விரட்டாது. ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தூக்கம் கேட்கிற நேரம். டிரைவர் கண்ணைத் திறந்துகொண்டே ஒரு கணம் தூங்குவான்; தூங்கியது அவனுக்கே தெரியாது. நீங்களோ தாளம் போட்டுக்கொண்டு உங்கள் உலகத்தில் இருப்பீர்கள்.

தவிலை மடியில் வைத்துக்கொண்டா வருகிறீர்கள்? 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், மூன்றாவது மாடியிலிருந்து விழுகிற வேகத்தில் அது டிரைவர் முதுகுக்குப் போகும். பலாக்கட்டை, லேசான சாமான் இல்லை. பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

டிரைவர் கொட்டாவி விட்டால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு காபி வாங்கிக் கொடுத்து, இருபது நிமிடம் கண்ணயர விடுங்கள். காபி வேலை செய்ய ஆரம்பிக்கவும் அவன் எழுந்திருக்கவும் சரியாக இருக்கும். அதைவிட முக்கியம், கச்சேரி நடக்கும்போது அவனைப் பந்தலில் முன்வரிசையில் உட்காரவைத்துத் தலையாட்ட வைக்காதீர்கள். சாப்பாடு போட்டு வேனில் படுக்க அனுப்புங்கள்.