பனிமலைக்குப் போகும் தம்பிகளுக்கு

திருச்சுழிப் பக்கமிருந்து பட்டாளத்துக்குப் போகும் தம்பிகளே, பனியில் நின்று வந்தவன் சொல்கிறேன்.

1. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல்சாவடியில் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் இருந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். பிப்ரவரி 11-ல் அவரும் போய்விட்டார். பனி பஞ்சு மாதிரிதான் தெரியும். சரிந்து நின்றதும் சிமென்டாய் இறுகி, விரலைக்கூட அசைக்கவிடாது.

2. கரிசலில் மேலே காய்ந்து அடியில் சேறாய் இருந்தால் வண்டி இறங்குமே, பனியும் அப்படி அடுக்கடுக்காய்க் கிடக்கும். அடி அடுக்கு சீனி மாதிரி உதிரியாக இருந்தால், மேலே கட்டியான பனி அதன்மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு ஆள் கால் வைத்தால் போதும், பாளமாய் வழுக்கி இறங்கும். சிக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். குழி வெட்டி அடுக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

3. 30 முதல் 45 பாகைச் சாய்வுதான் எமன்.

4. ஆடிக் காற்றில் வேலி மறைவில் மண் குமிந்து கிடக்கும் அல்லவா? மலை முகட்டிலும் காற்று படாத பக்கத்தில்தான் பனி குவியும். அந்தப் பக்கம் ஏறாதீர்கள்.

5. பீர் பஞ்சால் மலைத்தொடரில் ஈரப்பனி மளமளவென்று கொட்டும். கொட்டும்போதும், அடுத்த ஓரிரு நாளும் ஆபத்து. லடாக்கில் பனி குறைவு, குளிர் அதிகம். அங்கே அந்தச் சீனி அடுக்கு வாரக்கணக்கில் ஆறாது. வெயில் அடித்துவிட்டதே என்று கிளம்பாதீர்கள்.

6. காலடியில் 'ஹும்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ வந்த தடத்திலேயே திரும்புங்கள். அதிகாரி முன்னே நின்றாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

7. சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர் கண் அவர்மேல் இருக்க வேண்டும். சரிவில் சிக்கினால், அது நிற்குமுன்பே மூச்சுவிட முகத்துக்கு முன் கையை வையுங்கள். 1994-ல் வந்த சுவிட்சர்லாந்துக் கணக்குப்படி 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 35 நிமிடமானால் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் வருமுன் அந்த நேரம் போய்விடும். கூட நிற்பவன் கையிலிருக்கும் மண்வாரிதான் உயிர்.

8. புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவியைச் சட்டைக்கு உள்ளே கட்டுங்கள், குளிரில் பேட்டரி செத்துவிடும். கிளம்புமுன் பக்கத்து ஆளுடையதையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.