அறிவியல் எழுத ஆசையா? கரு வீட்டிலேயே இருக்கிறது

அறிவியல் எழுத உட்காருகிற பலர் கருந்துளையில் ஆரம்பித்து இரண்டாவது பத்தியில் நின்றுவிடுகிறார்கள். கண்ணால் பார்க்காததை எழுதப் போனால், ஏற்கெனவே ஒருவர் எழுதியதைத்தான் திருப்பி எழுத வேண்டிவரும். முதல் பத்துக் கட்டுரைகளுக்காவது வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள்.

1. சமையலறையில் காலண்டர் மாட்டிய ஆணியிலேயே ஒரு சின்ன நோட்டையும் நூல் கட்டிய பென்சிலையும் தொங்கவிடுங்கள். தோன்றியதை அப்போதே கேள்வியாக எழுதுங்கள். ‘கடுகு’ என்று மட்டும் எழுதினால் நாலு நாள் கழித்து எதற்கு எழுதினோம் என்றே தெரியாது. ‘எண்ணெய் காயாவிட்டால் கடுகு ஏன் வெடிப்பதில்லை?’ என்று எழுதினால் கட்டுரையின் முதல் வரி கிடைத்துவிட்டது.

2. கறையைத் துவைக்கும்போது கவனியுங்கள். சட்டையில் சாம்பார் கொட்டிய இடம் சோப்புப் பட்டதும் சிவக்கும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தன்மை பட்டால் நிறம் மாறும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதனால்தான். மஞ்சள் கரைத்த நீரில் காகிதத்தை நனைத்துக் காயவைத்து நீங்களே செய்து பாருங்கள். செய்து பார்த்தவர் எழுதினால் அது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

3. பாத்திரம் கழுவும் நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. வீட்டு வேலையும் பெற்றோரைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. எண்ணெயும் அழுக்கும் கலந்தால் நீரின் மேற்பரப்பு மாறுவது அவர் கண்ணில் பட்டது. தகரத் தொட்டி ஒன்றில் விளிம்புவரை நீர் ஊற்றி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து, அதை நகர்த்தி நகர்த்திப் பரப்பு இழுவிசையை அளந்தார். பத்து வருட உழைப்பு. 1891-இல் இயற்பியலாளர் ரேலே பிரபுவுக்குத் தம் முடிவுகளைக் கடிதமாக எழுதினார். ரேலே அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பிவைக்க, அதே ஆண்டு அச்சேறியது. அந்தத் தொட்டியின் வழியில் வந்த கருவியைக்கொண்டு ஆய்வு செய்த இர்விங் லாங்மியருக்கு, மேற்பரப்பு வேதியியலுக்காக 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. எழுத எதுவும் தோன்றாத நாளில் நான் நினைத்துக்கொள்வது இந்தப் பெண்மணியைத்தான்.

4. ஒன்றை அளக்கப் பழகுங்கள். இட்லி மாவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். மணிக்கு ஒருமுறை எவ்வளவு ஏறியது என்று குறித்து வாருங்கள். மாவைப் பொங்கவைப்பது லூக்கோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் வெளிவிடும் கரியமில வாயு. சித்திரையில் ஒரு கணக்கு, மார்கழியில் ஒரு கணக்கு எடுத்தால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத, உங்கள் ஊருக்கே உரிய கட்டுரை கையில் இருக்கும்.

5. பிள்ளைகள் கேட்பதைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய தான்சானியாவில் 1963-இல் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவன், ஐஸ்கிரீம் செய்யக் காய்ச்சிய பாலை ஆறவிடாமல் சூடாகவே உறைபெட்டியில் வைத்தான். ஆறவைத்த பாலைவிட அது முதலில் உறைந்தது. வகுப்பில் கேலிதான் மிஞ்சியது. டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் மட்டும் அந்தக் கேள்வியை மதித்துச் சோதித்தார். 1969-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அந்த விளைவு உண்மையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. விடை கிடைக்காத கேள்வியையும் தயங்காமல் எழுதலாம்.

6. பாட்டி சொன்னதை உடனே நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ‘மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் குளிராது’ என்பார்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாவது குறையும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் பாருங்கள்.

7. ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால் பேனாவை எடுக்காதீர்கள். சோதனை மனிதரிடம் நடந்ததா, எலியிடமா, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா? எத்தனை பேரிடம்? மூல ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையாவது படித்து, இதற்கு விடை கிடைத்த பிறகு எழுதுங்கள். நோயில் இருப்பவர் ஒருவர் அதை நம்பிப் படிப்பார்.

8. கலைச்சொல்லை முதல் வரியில் வைக்காதீர்கள். நீர்மேல் பூச்சி நடப்பதைக் காட்டிவிட்டுப் பிறகு ‘பரப்பு இழுவிசை’ என்று சொல்லுங்கள்.

9. எழுதாமல் விட்ட கேள்விகள் இருக்கும் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். டார்வின் 1842-இல் தம் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பினார், மண்புழுக்கள் அதை எவ்வளவு ஆழம் புதைக்கும் என்று பார்க்க. தோண்டியது 1871-இல். ஏழு அங்குலம் கீழே வெள்ளைக் கோடாகக் கிடந்தது.